கூண்டில்லாத சின்னம்

சோழன் புலியைக் கொடியில் பொறித்தான். பாண்டியன் மீனைப் பொறித்தான். இருவரும் ஓவியத்தோடு நின்றுவிட்டனர். அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சிலவோ ஒரு படி மேலே சென்று, சின்னமாகக் கொண்ட விலங்கை உயிரோடு வளர்த்து வருகின்றன. நம் விளையாட்டு அணிக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்ன என்று விடுதி நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். உயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் விடையைக் கூறுகிறேன்.

இவ்வழக்கத்திற்குப் பேர்போனது லூசியானா மாநிலப் பல்கலைக் கழகம். 1936-இல் அங்கே 'மைக்' என்னும் புலி வந்தது. ஒன்று இறந்தால் மற்றொன்று அதே பெயரில் வரும். நெடுங்காலம் பந்தய நாள்களில் புலியைக் கூண்டு வண்டியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டு சென்றனர். 2017-இல் வந்த ஏழாவது மைக்குக்கு அந்தப் பயணம் இல்லை. 2024-இல் வேறொரு புலியை வெளியிலிருந்து வரவழைத்துத் திடலில் காட்டியபோது கண்டனம் எழுந்தது.

கண்டனம் ஏன்? புலி தனித்து வாழும் விலங்கு. பல்லாயிரவர் எழுப்பும் ஆரவாரம் நமக்குப் பெருமையாகலாம். அதற்கு அது விளங்காத பேரொலி. கூண்டில் அது அசையாமல் கிடந்தால் 'பழகிவிட்டது' என்கிறோம். அஞ்சிய விலங்கும் அசையாமல்தான் கிடக்கும் அன்றோ?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய ஆசைக்கு இடம் தருவதில்லை. புலி, சிங்கம், கரடி, குரங்கு முதலியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதும் 1998-இல் தடை செய்யப்பட்டது.

அப்படியானால் நமக்குச் சின்னமே வேண்டாமா? வேண்டும், அது நம் இந்திய அறிவியல் கழக வளாகத்திலேயே வாழ்கிறது. அதுதான் தேவாங்கு! திருதிருவென விழிப்பவனைத் 'தேவாங்கு' என்று ஏசுவது நம் ஊர் வழக்கம். கன்னட மக்களோ அதனைக் 'காடு பாப்பா', அதாவது காட்டுக் குழந்தை, என்று அழைக்கின்றனர். அவர்கள் வைத்த பெயரே அழகு.

உள்ளங்கையில் அடங்கும் இவ்விலங்கு பகலெல்லாம் உறங்கி இரவில் பூச்சி தேடும். அதற்கு வால் இல்லை. குரங்கைப் போலத் தாவவும் தெரியாது. ஒரு கிளையைப் பற்றிக்கொண்டே அடுத்ததை எட்டிப் பிடிக்கும். ஆகவே மரத்திற்கு மரம் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாலையின் மேல் கைகோத்த இரு கிளைகளை வெட்டினால் அதன் பாலமே அறுந்துபோகும். பிறகு அது தரையில் இறங்க வேண்டும். அங்கே நாயும் வண்டியும் உண்டு. மின்கம்பியில் நடந்தாலோ உயிருக்கே ஆபத்து.

என் சொந்த ஊர்ப் பக்கம், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில், 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழக அரசு 2022-இல் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. பெங்களூரில் அவ்வளவு நிலத்திற்கு எங்கே போவது? இங்குள்ள தேவாங்குக்கு இம்மரங்களே காடு.

நண்பர்களே, தேவாங்கின் படத்தை நம் அணியின் சட்டையில் பொறிப்போம். விடுதிச் சன்னலருகே கிளையை வெட்டச் சொல்லுமுன், அது எந்த மரத்தைத் தொடுகிறது என்று அண்ணாந்து பார்ப்போம். இரவில் அதனைக் கண்டால் கண்ணில் விளக்கடிக்காமல் விலகி நடப்போம். நம் சின்னத்திற்கு நாம் இடவேண்டிய தீனி இவ்வளவுதான்.