‘துரோகி’ என்று திட்டலாம். ‘துரோகம்’ என்று வழக்குப் போட முடியுமா?

சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாகச் சீட்டுப் பிடித்துவந்த அக்கா, ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். “கூடப் பொறந்தவளா நெனச்சேனே, துரோகி!” என்றுதான் முதல் குரல் எழும். ‘திருடி’ என்ற சொல் அப்போது வாயில் வருவதில்லை. திருடன் வெளியிலிருந்து வருகிறவன். துரோகியோ, நாமே சாவியைக் கொடுத்து வைத்த ஆள்.

ஸ்பானிஷ்காரர்கள் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். கணவன், மனைவி, காதலர் விஷயத்தில் பெரும்பாலும் ‘இன்ஃபியெல்’. நண்பர், தொழில் கூட்டாளி, ஊழியர் என்றால் ‘டெஸ்லேயால்’. முறைகேடான வியாபாரப் போட்டிக்கும் அதே சொல்தான். இதன் வேரில் இருப்பது ‘சட்டத்துக்கு உட்பட்ட’ என்று பொருள்படும் லத்தீன் சொல். நமக்கோ கட்சி மாறினாலும் துரோகம், காதலில் ஏமாற்றினாலும் துரோகம், சீட்டுப் பணம் போனாலும் துரோகம்.

காவல் நிலையத்தில் இந்தத் தாராளம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 316-வது பிரிவுதான் நம்பிக்கை மோசடி. பழைய சட்டத்தில் 405, 406. பொருளையோ பணத்தையோ நீங்கள் ‘ஒப்படைத்திருக்க’ வேண்டும். வாங்கியவர் அதை நேர்மையின்றித் தனக்காகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது “பத்திரமா வச்சிரு” என்று கொடுத்த நகையை அடகு வைத்தால் இந்தப் பிரிவு. 5 ஆண்டு வரை சிறை. மனைவியின் சீதன நகையைத் திருப்பித் தர மறுப்பதும் நம்பிக்கை மோசடியாகும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது.

ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் சொல்லிப் பணம் பறித்தால், அது 318-வது பிரிவில் வரும் ஏமாற்றுதல். 7 ஆண்டு வரை சிறை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போடுவதை 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. முன்னதில் நம்பிக்கை முதலில் உண்மையாக இருந்து பிறகு உடைகிறது. பின்னதில் தொடக்கமே பொய்.

கைமாற்றாகக் கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால்? மனசுக்கு அது துரோகம்தான். ஆனால், கடன் கொடுத்ததுமே பணம் வாங்கியவருடையதாகிவிடுகிறது. அதனால் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். திருமணத்துக்கு வெளியிலான உறவும் குற்றமில்லை. அந்தச் சட்டப் பிரிவு 2018 செப்டம்பரில் ரத்தானது. விவாகரத்துக்கு மட்டும் அது காரணமாகும்.

சீட்டு விஷயம் தனி. மிகச் சிறிய சீட்டுகளைத் தவிர, முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்துவதே 1982-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். அந்த அக்கா ஓடாமல் இருந்திருந்தாலும் குற்றம்தான்!

எனவே, தாம்பரம் காவல் ஆணையரகத்தில் மனு கொடுக்கப் போகிறவர்கள் ‘துரோகம் செய்துவிட்டார்’ என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். என்ன கொடுத்தீர்கள், எந்தத் தேதியில், எதற்காக, கொடுக்கும்போது அவர் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், சீட்டு நோட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். போனை மாற்றும் முன் அந்த உரையாடலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.