பதிவேடும் மனமாற்றமும்

புறக்கோட்டைக் கடைவீதிகளுக்கு அணித்தாய், மேட்டில் நிற்கிறது வுல்வெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749 இல் தொடங்கி, 1757 இல் முடித்தது. அவர்கள் ஆட்சியில் அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டியிருந்தமையால், பதிவேட்டிற் பெயர்கள் பெருகின. 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமான பின், பலர் தத்தம் பழைய சமயத்துக்கே திரும்பினர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. உத்தியோகத்துக்குக் கேட்கப்பட்ட விலையைக் கொடுத்தார்கள், அவ்வளவே.

கிறிஸ்தவ நெறி இரட்சிப்பு என்பது இதுவன்று. அது இறைவன் இலவசமாக அருளும் கொடை. ஆயினும், பெற்றவன் வாழ்வு பழையபடி இராது. லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் சகேயு, ஆயக்காரர் தலைவன், பெருஞ்செல்வன். ஊரார் வெறுத்த அவன் வீட்டிலே தங்க இயேசு தாமாகவே முன்வந்தார். அப்போதுதான் அவன், சொத்திற் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காக உரியவர்க்கும் கொடுப்பதாகக் கூறினான். மரத்திலிருந்து இறங்கி வரும்படி அழைத்தபோது, இயேசு அவனிடம் ஒரு காசும் கேட்டிருக்கவில்லை.