சாமியை ஆராய்ந்தார், வேலை போச்சு! தெரியுமா?

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் பதவி உயர்வு வரும். இருக்கிற வேலையே போகுமா? ஜப்பானில் போயிருக்கிறது!

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் குமே குனிடாகே லேசுப்பட்ட ஆளில்லை. 1871-ல் ஜப்பான் அரசு அனுப்பிய இவாகுரா தூதுக்குழுவோடு அமெரிக்கா, ஐரோப்பா சுற்றி, திரும்பும் வழியில் இலங்கையின் காலியையும் எட்டிப்பார்த்து, கண்டதையெல்லாம் ஐந்து தொகுதிகளாக எழுதித் தள்ளியவர்! 1891-ல் அவர் எழுதினார்: ஜப்பானின் பாரம்பரிய வழிபாடான ஷிண்டோ மதமே அல்ல, வானத்தை வணங்கிய ஆதிகால வழக்கத்தின் மிச்சம். ஆய்விதழில் வந்தவரை ஊர் அமைதியாகத்தான் இருந்தது. தகுச்சி உகிச்சி என்ற பத்திரிகை ஆசிரியருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மறு வருடம் தன் இதழில் அதை மறுபடி போட்டு, ஷிண்டோ பக்தர்களைச் சீண்டி ஒரு முன்குறிப்பும் வைத்தார்.

பதில் குமேயின் வீடு தேடியே வந்தது! பக்தர்கள் சிலர் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாக்குவாதம். குமே கட்டுரையை வாபஸ் வாங்கினார். அப்படியும் 1892 மார்ச்சில் வேலை காலி.

இதில் வேடிக்கை தெரியுமா? கோயில் சடங்குகள் மதமல்ல, நாட்டுக் கடமை என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது! 'மதமல்ல' என்பதை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது போலும்.

குமேயின் சகா ஷிகெனோ யாசுட்சுகு, மக்கள் கொண்டாடிய வீரன் கொஜிமா தகனோரி பிறக்கவே இல்லை என்றவர். கிடைத்த பட்டப்பெயர்: 'அழிப்பு டாக்டர்'!

வேலையிழந்த குமேவுக்கு இடம் கொடுத்தது இன்றைய வசேடா பல்கலைக்கழகம். அதே வசேடாவிலிருந்து 1940-ல் வெளியேற வேண்டி வந்தவர் ட்சுடா சோகிச்சி என்ற வரலாற்று ஆய்வாளர்! 712-ல் தொகுத்த 'கொஜிகி' என்ற பழைய நூலின் ஆதி மன்னர் கதைகள் அரசவை பிற்பாடு புனைந்தவை என்பது அவர் ஆய்வு. முதல் மன்னர் ஜிம்மு முடிசூடி 2600 ஆண்டு என்று நாடே விழா எடுத்த வருடத்தில் அதைப் பொறுத்துக்கொள்வார்களா? நான்கு நூல்களுக்குத் தடை, வழக்கு, 1942-ல் தண்டனை. மேல்முறையீட்டில், 1944-ல் வழக்கு காலாவதியானது.

போர் முடிந்தது, ஜப்பான் நேசநாட்டுப் படைகளின் நிர்வாகத்தில். 1945 டிசம்பர் 15-ல் ஷிண்டோவையும் அரசையும் பிரித்த ஆணையைத் தயாரித்தவர் வில்லியம் பன்ஸ், போருக்கு முன் மட்சுயாமாவில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர்! இனி ட்சுடா மன்னராட்சியைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று காத்திருந்தவர்கள் 1946-ல் 'செகாய்' இதழைப் பிரித்தால், பேரரசரை ஆதரித்து எழுதியிருக்கிறார்! திகைத்த ஆசிரியர் குழு கட்டுரையோடு நீண்ட விளக்கக் கடிதம் ஒன்றையும் சேர்த்து அச்சிட்டது.