ஓங்கில் தூங்கும் நேரம்

மொரீஷியஸின் மேற்குக் கரையில் உள்ள தாமரின் விரிகுடா காலை ஏழு மணிக்கே பரபரப்பாகிவிடுகிறது. பிளிக்-அன்-பிளாக், கறுப்பு நதி முகத்துவாரம், லா கோலெட் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வேகப்படகுகள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து பேர். இடுப்பில் மிதவை, நெற்றியில் கண்ணாடி முகமூடி, கையில் துடுப்புக்காலணி. படகோட்டிகள் கிரியோல் மொழியில் ஒருவருக்கொருவர் கூவிக்கொள்கிறார்கள். அவர்கள் தேடுவது நீர்ப்பரப்பில் எழும் முதல் முதுகுத்துடுப்பை. நம் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா மீனவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் டால்பின்தான் இந்தச் சுற்றுலாவின் முதல் அயிட்டம்.

உலகம் முழுக்க விற்கப்படும் ஒரு நாள் படகுப் பயணங்களின் அச்சு இந்தத் தீவில் அப்படியே கிடைக்கும். காலையில் டால்பினோடு நீச்சல், பிறகு பவளப்பாறை மேல் ஸ்நார்க்கெலிங், மதியம் ஒரு குட்டித் தீவில் சுட்ட மீனும் சோறும், மூன்று நான்கு மணிக்குக் கரை. ஹோட்டல் வரவேற்பறையில் சொன்னாலே பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். பெரிய கட்டமரான் பாய்மரப் படகு வேண்டுமா, சிறிய வேகப்படகு வேண்டுமா என்பது மட்டும்தான் பயணி எடுக்கவேண்டிய முடிவு போலத் தோன்றும். ஆனால் காலையில் கடலுக்குள் குதிப்பதா வேண்டாமா என்பதும் இன்று பல நாடுகளில் விவாதமாகியிருக்கிறது.

இரவு வேட்டை, பகல் உறக்கம்

தாமரின் பக்கம் இரண்டு வகை டால்பின்கள் வருகின்றன. ஒன்று, குப்பிமூக்கு டால்பின். இன்னொன்று, உருவில் சற்றுச் சிறிய, மூக்கு நீண்ட சுழல் டால்பின். வளர்ந்த சுழல் டால்பின் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். நீரிலிருந்து எம்பி, உடலைத் திருகியபடி காற்றில் சுழன்று விழும். ஒரே தாவலில் ஏழு சுற்று வரை போடக்கூடியது. உடலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுமீனை உதறவும், விழும் சத்தத்தால் கூட்டத்துக்குச் சேதி சொல்லவும் இப்படிச் சுழல்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த வகையின் வாழ்க்கை முறை நம்முடையதற்கு நேர் எதிர். பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கும் விளக்குமீன்கள், சிறு கணவாய்கள், இறால்கள் இருட்டியதும் மேலே ஏறி வருகின்றன. அவற்றை எதிர்பார்த்து டால்பின்கள் ஆழ்கடலுக்குப் போய் விடிய விடியக் கூட்டாக வேட்டையாடுகின்றன. விடிந்ததும் கரையோர விரிகுடாவுக்குத் திரும்புகின்றன. ஆழம் குறைந்த, வெண்மணல் தரை கொண்ட விரிகுடாவாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் காரணம் உண்டு. வெளிர்நிற மணல் மேல் சுறா வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஹவாயின் கெயலாகெகுவா விரிகுடாவில் கென்னத் நாரிஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் செய்த ஆய்வுகள்தான் இந்தப் பழக்கத்தை உலகுக்கு விளக்கின. உறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் உறங்குகிறது என்றே தோன்றாது. டால்பின்கள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் மெதுவாக நீந்தும். ஒன்றாக மூழ்கும், ஒன்றாக மேலே வந்து மூச்சு விடும். எதிரொலி கேட்டு வழியறியும் 'கிளிக்' சத்தம் கிட்டத்தட்ட நின்றுபோகும். டால்பின் மூச்சு விடுவதற்கே விழிப்பு தேவை என்பதால் மூளையின் ஒரு பாதி ஓய்வெடுக்கும்போது மறுபாதி காவல் காக்கும். நான்கைந்து மணி நேரம் இப்படிக் கழியும். பிற்பகலில் கூட்டம் சோம்பல் முறித்து, சுழன்று தாவத் தொடங்கி, முன்னும் பின்னும் வளைந்து நீந்திவிட்டு மறுபடி ஆழ்கடலுக்குக் கிளம்பும்.

படகுகள் வந்து சேருவது சரியாக இந்த ஓய்வு தொடங்கும் வேளையில். கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று கணித்து, படகை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். "இறங்குங்கள், சீக்கிரம்!" என்றதும் பத்துப் பேர் ஒன்றாகக் குதிக்கிறார்கள். முகமூடி வழியே பார்த்தால், நீல நீரில் பத்துப் பதினைந்து சாம்பல்நிற உருவங்கள் கால்களுக்குக் கீழே ஓசையில்லாமல் கடந்துபோகும். அரை நிமிடத்துக்குமேல் நீடிக்காத அந்தக் காட்சியை யாரும் மறக்க மாட்டார்கள். டால்பின்கள் தாக்குவதில்லை, மிரண்டு ஓடுவதுமில்லை. ஆழத்துக்கு இறங்கி விலகிப் போகின்றன. எல்லாரும் படகேறியதும் எஞ்சின் உறும, படகு மறுபடி சுற்றிவந்து முன்னால் நிற்கிறது. மறுபடி குதி. பக்கத்தில் இன்னும் சில படகுகளும் இதையே செய்கின்றன. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவர் வீட்டு அழைப்பு மணியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிப்பதைப்போலத்தான்.

மூன்று நாடுகள், மூன்று முடிவுகள்

ஒருநாள் தூக்கம் கெட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் கெட்டால்? ஓய்வில்லாத விலங்கு இரவில் சரியாக வேட்டையாடாது, குட்டிக்குப் பால் கொடுக்கும் நேரம் குறையும், பழகிய விரிகுடாவையே விட்டுவிடவும் கூடும். இந்தக் கவலையை அரசுகள் வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன.

அமெரிக்கா 2021-இல் கண்டிப்பான வழியை எடுத்தது. ஹவாயின் முக்கியத் தீவுகளைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரை, சுழல் டால்பினிடமிருந்து 50 கெஜத்துக்குள் (சுமார் 45 மீட்டர்) நீந்தியோ படகிலோ நெருங்கக் கூடாது என்று விதி வந்தது. டால்பின் நீச்சலை நம்பிப் படகு ஓட்டிய பலர் தொழிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குப்பிமூக்கு டால்பின்களின் எண்ணிக்கை 1999-லிருந்து 66 சதவீதம் சரிந்திருந்தது. அடிக்கடி வந்துபோனவை 19 மட்டுமே. மனிதர்கள் டால்பின்கள்மேல் காட்டிய அளவுமீறிய பாசமும் ஒரு காரணம் என்றது அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை. அந்த வகையோடு நீந்துவதற்கு 2019-இல் அங்கே தடை போட்டார்கள்.

எகிப்து நடுவழியைப் பிடித்தது. செங்கடலில் மர்சா ஆலம் ஊருக்கு அருகே சமதாய் என்ற குதிரைலாட வடிவப் பவளத்திட்டு இருக்கிறது. அதன் வளைவுக்குள் சுழல் டால்பின்கள் உறங்க வருகின்றன. கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே முதலில் அதை மூடினார்கள். 2004-இல் திறந்தபோது மிதவைக் கயிறு கட்டி மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். உள்வளைவு டால்பின்களுக்கு மட்டும், நடுப்பகுதி நீந்துபவர்களுக்கு, வெளிப்பகுதி படகுகளுக்கு. வருகிறவர்களின் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. விருப்பப்பட்டால் டால்பின் கயிற்றைத் தாண்டி மனிதர் பக்கம் வரலாம், மனிதர் அந்தப் பக்கம் போக முடியாது.

மொரீஷியஸ் நீச்சலை முழுதாகத் தடுக்கவில்லை. படகுகளுக்கு உரிமம் வேண்டும், டால்பின், திமிங்கலம் பார்ப்பதற்கென்று தனி விதிகளும் உண்டு. அன்றைக்கு விரிகுடாவில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் படகோட்டியின் நிதானத்தைப் பொறுத்தது. பயணிகள் தரும் நெருக்கடியும் அதில் சேரும். "இவ்வளவு காசு கொடுத்துட்டு டால்பின் பக்கத்துல போகலைன்னா எப்படி?" என்ற கேள்விக்கு அஞ்சியே எஞ்சினை முடுக்குபவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுழல் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். அங்கே படகிலிருந்தே பார்த்துத் திருப்தியோடு திரும்புகிறவர்கள் ஏராளம். படகின் முன்னே எழும் அலையில் தாமாகவே வந்து சறுக்கி விளையாடும் டால்பினைப் பார்க்கத் தண்ணீரில் இறங்க வேண்டியதே இல்லை.

பவளத்துக்கு மேலே

டால்பினைப் பார்த்தபின் படகு தெற்கே திரும்புகிறது. மொரீஷியஸைச் சுற்றி சுமார் 150 கிலோமீட்டருக்குப் பவளத்திட்டு வேலி கட்டியிருக்கிறது. வெளியே ஆழ்கடல் அலை மோதி உடைய, உள்ளே லகூன் எனப்படும் ஆழமற்ற அமைதியான நீர். ஸ்நார்க்கெலிங் இங்கேதான்.

நீச்சல் நன்றாகத் தெரியாதவர்களும் மிதவை அணிந்து இதைச் செய்ய முடியும். எல்லாம் முகமூடியில் இருக்கிறது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். விழுந்தால் அளவு சரியில்லை என்று பொருள். மீசை வைத்தவர்களுக்குக் கொஞ்சம் நீர் கசியும். கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவிக் கடல்நீரில் அலசிவிட்டால் புகைமூட்டம் படியாது. மூச்சுவிட வாயில் கவ்வும் குழாய்க்குள் நீர் புகுந்தால் பதறாமல் 'பூ' என்று பலமாக ஊத வேண்டும், அவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடம் படகின் ஏணியைப் பிடித்தபடியே முகத்தை நீரில் வைத்து வாயால் மூச்சுவிட்டுப் பழகிக்கொள்பவர்கள் பிறகு திணறுவதில்லை.

கீழே உடம்பில் கறுப்புப் பட்டைகள் கொண்ட சின்ன மீன்கள் படகைக் கண்டதும் மொய்க்கும். பவளத்தைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் கிளிமீனின் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கும். அது தின்று கழிப்பதும் வெண்மணலாகவே விழும். ஆனால் பவளம் எல்லா இடத்திலும் வண்ணமாக இருக்காது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடாகி அப்படியே வாரக்கணக்கில் நீடித்தால், தனக்குள் குடியிருந்து உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. இந்தியப் பெருங்கடல் முழுவதும் 1998-இலும் 2016-இலும் இதைக் கண்டது. வெளுத்ததன் மேல் துடுப்புக்காலணி பட்டால் மீதியும் உடையும். பந்துபோல் வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராமல் போகலாம். பவளத்தைக் கெடுக்கும் என்ற கவலையால், ஆக்ஸிபென்சோன் கலந்த வெயில் கிரீம்களின் விற்பனைக்கு ஹவாய் 2021 முதல் தடை விதித்திருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் கிரீமும் பாதி மிச்சம், முதுகும் எரியாது.

மலை நிழலில் மதிய உணவு

லகூனின் நடுவே கிறிஸ்டல் ராக் என்ற பாறை தலை நீட்டி நிற்கிறது. பழைய பவளம் இறுகிக் கல்லான இதன் அடிப்பகுதியை அலை அரித்துக் குடைந்திருக்கிறது. படகுகள் அதன் அருகே நின்று புகைப்படத்துக்கு நேரம் கொடுக்கின்றன. பின்னணியில் செங்குத்தாக எழுவது லெ மோர்ன் மலை, 556 மீட்டர் உயரம். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். அடிமைமுறை ஒழிந்த சேதியைச் சொல்ல 1835-இல் காவலர்கள் மலையேறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் பாறையிலிருந்து குதித்து இறந்தார்கள் என்று தீவு மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். யுனெஸ்கோ 2008-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மதியச் சாப்பாடு பெனித்தியே தீவில். மணலும் தென்னையும் சவுக்கும் தவிர அதிகம் எதுவும் இல்லாத தாழ்வான தீவு. படகுக்காரர்கள் அடுப்புக் கரியைப் பற்றவைத்து மீனையும் கோழியையும் சுடுவார்கள். கூடவே சோறு, தக்காளியும் வெங்காயமும் தைம் இலையும் சேர்ந்த ருகாய் குழம்பு, ரொட்டி, குளிர்ந்த பீர், ரம். தட்டின் ஓரத்தில் முட்டைக்கோசும் கேரட்டும் பீன்ஸும் நீளவாக்கில் நறுக்கி, மஞ்சளும் கடுகும் பச்சை மிளகாயும் போட்டுப் புரட்டிய அச்சார் இருக்கும். தொடக்கமாகத் தரும் காத்தோ பிமாவைக் கடித்ததும் தமிழ்நாட்டுக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். பருப்பை அரைத்து மிளகாய் சேர்த்துப் பொரித்த வடையேதான்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களும், 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் கொண்டுவந்த கைப்பக்குவம் இது. அந்தக் கூலிகள் முதலில் காலடி வைத்த போர்ட் லூயிஸின் ஆப்ரவாசி காட் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தைப்பூசத்துக்கு இந்த நாட்டில் பொது விடுமுறை. படகோட்டிக்கு இனாம் கொடுக்க எடுக்கும் நூறு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அதில் உள்ள படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞர், அரசியல் தலைவருடையது.

எந்தப் படகு?

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை சில. படகுக்கு உரிமம் இருக்கிறதா? எத்தனை பேரை ஏற்றுவார்கள், எல்லாருக்கும் மிதவை உண்டா? டால்பின் கூட்டத்தின் முன்னால் போய் மறிப்பார்களா, பக்கவாட்டில் ஒதுங்கி மெதுவாக ஓட்டுவார்களா? நீரில் இறங்க விரும்பாதவர் படகிலேயே இருந்து பார்க்கலாமா? பிந்தைய கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் போவது நல்லது. "டால்பின் கட்டாயம் உண்டு, தொட்டே பார்க்கலாம்" என்கிறவரைத் தவிர்க்கலாம்.

டால்பின் பகுதியே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்நார்க்கெலிங்கும் தீவும் மட்டும் கொண்ட பயணங்களும் கிடைக்கின்றன. லா கோலெட்டிலிருந்து பெனித்தியே தீவு கூப்பிடு தூரம்தான்.

மே முதல் அக்டோபர் வரை அங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை உலுக்கினாலும் மலைகளின் மறைவில் உள்ள மேற்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். நீர் மட்டும் சற்றுச் சில்லென்றிருக்கும். நவம்பரிலிருந்து வெதுவெதுப்பு கூடும், புயல் காலமும் அப்போதுதான். ஜூலை முதல் அக்டோபர் வரை போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அண்டார்டிக் பக்கமிருந்து குட்டி ஈன வரும் கூனல் திமிங்கலங்கள் இதே மேற்குக் கரையைக் கடந்துபோகும். அவற்றைப் படகில் இருந்தபடியே, தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.