ஸ்டீராய்டு பலனளிக்காதபோது: மூன்றாம் நாளில் எடுக்க வேண்டிய முடிவு

"இன்னும் இரண்டு நாள் இதே ஊசியைப் போட்டுப் பார்க்கலாமே, டாக்டர்?" அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி தீவிரமாகி, உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்தத் தயக்கம் இயல்பானதே. ஆயினும், இந்நோயில் காத்திருப்பதே சில வேளைகளில் ஆபத்தாகிவிடும்.

நாளொன்றுக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை இரத்தத்துடன் மலம் கழிதல், அதனுடன் காய்ச்சல், நாடித்துடிப்பு மிகுதல் அல்லது இரத்தசோகை ஆகியவை தீவிர நிலையின் அடையாளங்கள். முதல் சிகிச்சை, நரம்பு வழியாகச் செலுத்தப்படும் ஸ்டீராய்டு. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது போதிய பலன் தருவதில்லை.

ஏன் மூன்றாம் நாள்?

மூன்றாம் நாளில் மலம் கழியும் எண்ணிக்கையையும், சி.ஆர்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையையும் மதிப்பிடுகிறோம். எட்டு முறைக்கு மேல் கழிந்தாலோ, மூன்று முதல் எட்டு முறை கழிந்து சி.ஆர்.பி. 45-ஐத் தாண்டினாலோ, ஸ்டீராய்டு மட்டும் போதாது எனக் கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நிலையில் இருந்தோருள் 85 விழுக்காட்டினருக்குப் பெருங்குடலை அகற்ற நேரிட்டது.

அடுத்த மருந்துகள்

குடற்சுவரைத் தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் இரண்டு. சைக்ளோஸ்போரின், டி அணுக்கள் தூண்டப்படுவதைத் தடுக்கிறது. 1994-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு பலனளிக்காத 11 பேர் இம்மருந்தைப் பெற்றனர். அவர்களுள் 9 பேர் தேறினர். மருந்தற்ற ஊசி பெற்ற 9 பேரில் ஒருவரும் தேறவில்லை. இன்ஃப்ளிக்சிமாப், அழற்சியை வளர்க்கும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை முடக்குகிறது. 2012-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலனளித்தன. எது உகந்தது என்பது நோயாளியின் சிறுநீரகம், இரத்த அழுத்தம், முன்பு எடுத்த மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்தது.

முன்னதாகச் செய்யும் பரிசோதனைகள்

உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயும் ஹெபடைடிஸ் பி கிருமியும் இம்மருந்துகளால், குறிப்பாக இன்ஃப்ளிக்சிமாபினால், விழித்தெழக்கூடும். ஆகவே மார்பு எக்ஸ்-ரேயும் இரத்தப் பரிசோதனைகளும் சேர்க்கையன்றே தொடங்கப்படுகின்றன. குடும்பத்தில் எவருக்கேனும் காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் கூறுங்கள். சைக்ளோஸ்போரின் பெறுவோருக்கு மக்னீசியம், கொழுப்பு அளவுகள் குறைவாக இருந்தால் வலிப்பு ஏற்படலாம்; அவற்றையும் முன்கூட்டியே பார்க்கிறோம்.

அறுவை சிகிச்சை தோல்வியன்று

மருந்து தொடங்கும்போதே அறுவை மருத்துவரும் உங்களைச் சந்திப்பார். அதற்காக அஞ்ச வேண்டாம். ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் முன்னேற்றம் இல்லையெனில், குடல் துளைபடும் முன்பே பெருங்குடலை அகற்றுவது உயிரைக் காக்கும். உடல் நலிந்த பின் செய்யப்படும் அறுவையே கூடுதல் ஆபத்துடையது.

வீடு திரும்பிய பின்

ஸ்டீராய்டு படிப்படியாகக் குறைக்கப்படும், நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர் சிகிச்சைக்கு அசாதையோப்ரின் அளிக்கப்பட்டால், அது முழுப் பலன் தர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறித்த நாள்களில் பரிசோதியுங்கள். எங்களைக் கேளாமல் வலிநிவாரணிகளோ தடுப்பூசிகளோ எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல், நீடித்த இருமல், மீண்டும் இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.