வெடித்த ஸ்டேரிங்கும் வாங்காத பில்லும்

கிண்ணியாவில் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றிக்கொண்டு ஓடும் கெப்களில் சில, ஓட்டுபவரைவிட வயதில் மூத்தவை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. புது வண்டிக்கு வழியில்லாத அந்தக் காலத்தில் பழைய ஹைலக்ஸையும் இசுசுவையும் ஒட்டியும் கட்டியும்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

ஒட்டியும் கட்டியும் ஓட்டக்கூடாத சாமான் ஒன்று உண்டென்றால் அது ஸ்டேரிங். வெயிலில் காய்ந்து காய்ந்து அதன் பிளாஸ்டிக் உறை குறுக்கே வெடிக்கும், பிடிக்கும்போது விரலைக் கிள்ளும். உடனே ரெக்ஸின் கவர் ஒன்றை இழுத்து மாட்டிவிடுவார்கள். கை தப்பிவிடும், ஆனால் வெடிப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது கண்ணில் படாமல் போய்விடும். உறைக்குள் இருப்பது இரும்பு வளையம். உப்புக்காற்றும் மீன் கழுவிய கையின் ஈரமும் வெடிப்பு வழியே இறங்கினால் அது துருப்பிடிக்கும். நடுத்தட்டிலிருந்து வளையத்துக்கு ஓடும் கைகளின் வெல்டிங் விட்டுப்போனால், ஒரு வளைவில் வளையம் திரும்பும், வண்டி திரும்பாது.

கவரைக் கழற்றுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து, வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். உறை மட்டும் கிறீச்சிட்டால் அவசரம் இல்லை. வெடிப்பைக் கீறித் துப்புரவாக்கி, இரண்டு டியூப் கலக்கும் இப்பொக்ஸி பசையை நிரப்பி உரசிவிட்டால் போதும், செலவும் குறைவு. வளையம் நடுத்தட்டோடு சேராமல் தனியாக அசைந்தால் அந்த வண்டி கராஜுக்கு மட்டும்தான் போக வேண்டும், அதுவும் கட்டி இழுத்து.

மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஸ்டேரிங் தண்டின் பற்கள் கம்பனிக்குக் கம்பனி வேறு. "கொஞ்சம் தட்டினால் ஏறிடும்" என்று யாராவது சுத்தியலை எடுத்தால் தடுங்கள். மோதலில் ஸ்டேரிங் தண்டு சாரதியின் நெஞ்சில் பாய்ந்து உயிர்கள் போன காலம் ஒன்று இருந்தது. 1967இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் கார்களில் மோதினால் மடங்கிக்கொடுக்கும் தண்டைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட தண்டுகளில் பலவற்றில் உள்ளே சிறு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். சுத்தியல் அடியில் அவை உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில புரி விட்டு வைத்தால் வளையம் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்காது. பூட்டியபின் ஹோர்ன் அடிக்கிறதா, திருப்பி முடிந்ததும் சிக்னல் தானாக அணைகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நடுவில் எஸ்.ஆர்.எஸ் என்று எழுதியிருந்தால் அது எயார்பேக் உள்ள வண்டி. பெட்டரி வயரைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கத் தெரிந்தவர் மட்டுமே அதில் கை வைக்கலாம். கழித்த வண்டியின் எயார்பேக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜப்பானின் தகாட்டா எயார்பேக்குகளில் வாயு எழுப்பும் மருந்து வெப்பத்திலும் ஈரப்பதனிலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து ஆட்களைக் கொன்றது. உலகெங்கும் கோடிக்கணக்கில் அவை திரும்பப் பெறப்பட்டன. வெப்பமும் ஈரப்பதனும் நம் ஊரில் வருடம் முழுவதும் உண்டு.

கொழும்பின் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் பாவித்த சாமானுக்குப் பில் கேட்க நமக்குக் கூச்சம். ஊர் கராஜில் இன்னும் மோசம்: "நம்மட காக்காதானே, பில் எதுக்கு?" அந்தக் காக்காவுக்கும் பில் நல்லதுதான். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டிய பொறுப்பை வியாபாரிமேல் வைக்கிறது. அதில் வண்டியின் மொடல், சாமான் புதிதா பாவித்ததா, கூலி எவ்வளவு என எழுதி வாங்குங்கள். சாமான் உத்தரவாதத்துக்கு மாறாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரணையின் பின் மாற்றுப் பொருளோ பணமோ நட்டஈடோ தரும்படி அதிகாரசபை கட்டளையிடலாம். வழி கேட்க அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். கழற்றிய பழைய வளையத்தைக் கராஜில் விட்டுவராதீர்கள், பிணக்கு வந்தால் அதுவே சாட்சி. முகம் முறியாமல் தீர்க்க விரும்புபவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை.

சம்பளத்துக்கு ஓட்டும் தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. விபத்து நடந்தால் பொலிஸார் வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்டுவார்கள். ஸ்டேரிங் பழுது என்று அறிக்கை வந்தால் முதல் கேள்வி ஓட்டியவரிடம்தான். வேலையின்போது காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இடம் தருகிறது, சாரதிக்கும் கூட வரும் உதவியாளுக்கும். பழுதை முதலாளியிடம் வாயால் மட்டும் சொல்லாமல், வெடிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று பதில் வந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.