டிக்ரி வந்தது, பணம் வந்ததா?

தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் மூங்கிலணைக் காமாட்சியம்மனுக்கு அடைத்த கதவின் முன்னேதான் பூஜை நடைபெறுகிறது. பக்தர்களுக்கு அக்கதவே போதும். ஆனால், கோர்ட்டில் ஜெயித்துவிட்டுக் கடன்காரர் வீட்டின் அடைத்த கதவின் முன் நிற்பவருக்கு அது போதுமா?

இவ்வூரார் ஒருவர் தமது மாந்தோப்பின் மகசூலை ஒரு வியாபாரிக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் காலேஜுச் சம்பளத்திற்கு அந்தப் பணத்தையே நம்பியிருக்கிறார். வியாபாரியோ கைவிரித்துவிட்டார். பெரியகுளம் கோர்ட்டில் வழக்காடி டிக்ரியும் பெற்றாகிவிட்டது. இனிக் கோர்ட்டாரே பணத்தை வசூலித்து அனுப்புவார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதுதான் இல்லை! ஜெயித்தவரே மறுபடியும் நிறைவேற்று மனுப் போடவேண்டும். எந்தச் சொத்தை ஜப்தி செய்வது என்பதையும் அவரே கண்டறிந்து சொல்லவேண்டும்.

இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் டிக்ரி பெற்ற பிறகே ஆரம்பமாகிறது என்ற கருத்தைப் பிரிவி கௌன்ஸில் 1872-லேயே வெளியிட்டது. 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கணக்குப் பார்த்தபோது, தேசமெங்கும் 8,82,000-க்கு மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடந்தன. இத்தகைய மனுக்களை ஆறு மாதத்தில் தீர்க்கவேண்டுமென்பது அக்கோர்ட்டின் கட்டளை.

ஆயினும் ஜெயித்தவர் மனம் சோர வேண்டுவதில்லை. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழியிருக்கிறது. சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரும்படி கடன்காரருக்கு உத்தரவிடுமாறு கோரலாம். நிலம், வாகனம், பாங்கிக் கணக்கு இவற்றை ஜப்தி செய்விக்கலாம். 12 வருஷத்திற்குள் மனுப் போடாவிட்டால் மட்டும் டிக்ரி வெறுங் காகிதமே.

சட்டத்திற்கு இரக்கமும் உண்டு. உழவரின் ஏருக்கும் மாட்டுக்கும், தொழிலாளியின் கருவிக்கும், சமையல் பாத்திரத்திற்கும், பெண்ணின் தாலிக்கும் ஜப்தி கிடையாது. பணமில்லை என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரைச் சிறையிடலாகாது என்று, 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

இது மிகவும் நியாயமே. இல்லாதவரை வதைத்துப் பணம் பெறுவது தர்மமாகாது. ஆனால், சொத்தை மனைவி மக்கள் பேரில் மாற்றி எழுதிவிட்டு, ஏழை வேஷம் போடுகிறவருக்கும் அந்த இரக்கம் கிடைத்துவிடுகிறதே! இல்லாதவர் யார், இருந்தும் ஒளிப்பவர் யார் என்று காலதாமதமின்றிப் பிரித்தறிவதே கோர்ட்டின் கடமை. அதைச் செய்யாத வரையில், தீர்ப்பில் மட்டும் நியாயம் கிடைத்து என்ன பயன்?